லிங்கித் தண்ணீர், லண்டன் தண்ணீர்

கொண்டைக்கடலையை இரவே ஊறப்போட்டு, காலையில் குக்கரில் வைத்தால் எங்கள் லிங்கியில் நான்கு விசிலில் பூப்போல வெந்துவிடும். அதே கடலை லண்டனில் எட்டு விசிலுக்குப் பிறகும் பல்லில் கடக்கென்கிறது என்றார் என் அண்ணி. மகனைப் பார்க்க மூன்று வாரம் போய்த் திரும்பியவர். “தேத்தண்ணி மேல ஏதோ ஆடை மாதிரி மெதக்குது தம்பி. கேத்தலுக்குள்ள பார்த்தா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு. அந்த ஊர்த் தண்ணியில என்னமோ இருக்கு” என்று முடித்தார்.

அவருடைய மகன் அங்கே கணினிப் பொறியாளன். வார இறுதியில் வீட்டிலேயே பீர் வடிப்பது அவனுடைய பொழுதுபோக்கு. பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்குப் பீர் வடிக்க 1963 முதல் உரிமம் தேவையில்லை; விற்கத்தான் கூடாது. அம்மா ஊர் திரும்பிய சில நாளில் அவனும் எனக்கு எழுதினான்: “சித்தப்பா, பொன்னிற பீர் எது செஞ்சாலும் நாக்குல கரகரன்னு ஒட்டுது, துவர்க்குது. கறுப்பு பீர் மட்டும் நல்லா வருது. செய்முறைய அப்படியேதான் பின்பற்றுறேன். சாமானும் நல்ல சாமான். எங்க தப்பு?”

இடைநிலைப்பள்ளியில் பல வருடம் வேதியியல் நடத்தியவன் என்பதால் இந்த மாதிரிக் கேள்விகள் என்னிடம்தான் வந்து சேரும். தாயும் மகனும் கேட்டது ஒரே கேள்வி. கடலை வேகாததற்கும் பீர் துவர்த்ததற்கும் காரணம் ஒரே குழாயில்தான் இருக்கிறது. குடும்பங்கள் படிக்கும் பக்கத்தில் பீரைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். தண்ணீரைப் புரிந்துகொள்ள அது நல்ல பாடம் என்பதால் எழுதுகிறேன். குடியைப் பற்றிச் சொல்ல வேண்டியதைக் கடைசியில் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீரில் என்ன இருக்கிறது?

மழை பெய்யும்போது தண்ணீரில் தாது எதுவும் இருப்பதில்லை என்றே சொல்லலாம். அது எந்த மண்ணில், எந்தப் பாறையில் ஓடுகிறதோ, அங்கிருந்து கொஞ்சம் கரைத்து எடுத்துக்கொள்கிறது. நெகிரி செம்பிலானின் மலைப்பகுதி பெரும்பாலும் கருங்கல். கருங்கல் சுலபத்தில் கரையாது. அதனால் எங்கள் ஆற்றுத் தண்ணீர் மென்மையானது. சோப்பு உடனே நுரைக்கும்; கேத்தலில் வெள்ளைப் படிவு சேராது.

லண்டன் அப்படியல்ல. தேம்ஸ் ஆறும் அதைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரும் சுண்ணப்பாறை வழியாக வருகின்றன. மழைநீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு அந்தப் பாறையைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. விளைவு, கால்சியம் பைகார்பனேட் நிறைந்த தண்ணீர். லிட்டருக்கு 60 மில்லிகிராம் வரை இருந்தால் மென்னீர், 180-ஐத் தாண்டினால் மிகக் கடின நீர் என்பது பொதுவான கணக்கு. லண்டனின் பல பகுதிகளில் அது 250-ஐ ஒட்டியே இருக்கிறது.

இது வெளிநாட்டுக் கதை மட்டுமல்ல. நம் நாட்டிலேயே பெர்லிஸ் சுண்ணாம்புக்கல் பூமி; அங்கே கேத்தலைத் திறந்து பார்த்தால் அண்ணி சொன்ன அதே வெள்ளைப் படிவு தெரியும். சென்னையில் உறவினர் வீட்டுக்குப் போனவர்களுக்கு ஆழ்குழாய்த் தண்ணீரில் தலைக்குக் குளித்தால் முடி எப்படி ஆகும் என்று தெரியும். கடின நீர் உடம்புக்கு விஷம் இல்லை. மலேசியக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. இந்தியத் தரம் 200 வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 600 வரை போகலாம் என்றும் சொல்கிறது. சிக்கல் சமையலில்தான்.

கடலையின் செல்களை ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்ற பசை. தண்ணீரிலுள்ள கால்சியம் அந்தப் பசையை இறுக்கிவிடுகிறது. அதனால்தான் வேக மறுக்கிறது. தேத்தண்ணியின் மேல் மிதக்கும் ஆடை, தேயிலையின் துவர்ப்புப் பொருளும் சுண்ணாம்பும் சேர்ந்தது. எலுமிச்சம்பழம் பிழிந்தால் அது மறைந்துவிடும். இந்த எலுமிச்சம்பழத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பீருக்கும் இதே வைத்தியம்தான்.

பீருக்குள் என்ன நடக்கிறது?

பீரில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர். முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைத்து, 65 டிகிரிக்கு ஒட்டிய வெந்நீரில் சுமார் ஒரு மணி நேரம் ஊற வைக்கிறார்கள். தானியத்திலுள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. அந்த இனிப்புச் சாற்றை வடித்து, ஹாப்ஸ் பூவின் கசப்போடு கொதிக்க வைத்து, ஆற்றி, ஈஸ்ட் போட்டுப் புளிக்க விடுகிறார்கள்.

அந்த ஊறல் சற்றுப் புளிப்பாக இருக்க வேண்டும். பி.எச். கணக்கில் 5.2-இலிருந்து 5.6-க்குள். தண்ணீரில் பைகார்பனேட் அதிகம் இருந்தால் அது இந்தப் புளிப்பை விழுங்கி, பி.எச். அளவை மேலே தள்ளிவிடும். அப்போது பார்லித் தோலிலுள்ள துவர்ப்பு சாற்றில் இறங்கும். ஹாப்ஸின் கசப்பும் முரடாகும். என் அண்ணன் மகன் சொன்ன ‘கரகர’ அதுதான்.

கறுப்பு பீர் ஏன் நன்றாக வந்தது? கருக வறுத்த தானியத்துக்கு இயல்பாகவே புளிப்பு உண்டு. அது பைகார்பனேட்டைச் சரிக்கட்டிவிடுகிறது. பொன்னிறத் தானியத்துக்கு அந்தப் பலம் கிடையாது.

இந்த வேதியியல் தெரியாத காலத்திலேயே ஊர்கள் தங்கள் தண்ணீருக்கு ஏற்ற பீரைக் கண்டுபிடித்திருந்தன. சுண்ணாம்புத் தண்ணீர் லண்டனுக்கு 18-ஆம் நூற்றாண்டில் போர்ட்டர் என்ற கறுப்பு பீர் பேர் வாங்கித் தந்தது. டப்ளினும் கறுப்பு பீருக்கே பெயர் போனது. செக் நாட்டின் பில்சன் நகரத்துத் தண்ணீர் மிக மென்மையானது. 1842-இல் ஜோசப் குரோல் என்பவர் அங்கே வடித்த பொன்னிற லாகர்தான் இன்று உலகம் முழுக்க விற்கும் பீர்களுக்கு முன்மாதிரி. இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்து நீரும் கடினம்தான். ஆனால் அங்கே கால்சியம் சல்பேட், அதாவது ஜிப்சம், மிக அதிகம். கசப்பு தூக்கலான வெளிறிய ஏல் அங்கே சிறந்தது. பிறகு மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் தண்ணீரில் ஜிப்சம் கலந்து பர்ட்டன் பீரைப் போலச் செய்யத் தொடங்கினார்கள்.

இதிலிருந்து தெரிவது இதுதான். கடினத்தன்மை என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் இரண்டு சங்கதி இருக்கிறது. கால்சியம் பீருக்கு நண்பன். ஈஸ்ட் தெளிந்து படியவும், ஊறலின் பி.எச். இறங்கவும் உதவும். லிட்டருக்கு 50 மில்லிகிராமாவது இருப்பது நல்லது. தொல்லை கொடுப்பது அதோடு சேர்ந்து வரும் பைகார்பனேட். அதை அளப்பதுதான் ‘காரத்தன்மை’. ஆகவே தண்ணீர் அறிக்கையில் பார்க்க வேண்டிய எண் கடினத்தன்மை அல்ல, காரத்தன்மை.

அவனுக்கு நான் எழுதிய வழிமுறை

முதலில் எதையும் சேர்க்காதே, அளவைப் பார் என்றேன். பிரிட்டனில் தண்ணீர் நிறுவனங்கள் அந்தந்தப் பகுதிக்கான அறிக்கையை வெளியிடுகின்றன. மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் காரத்தன்மைச் சோதனைச் சொட்டு மருந்தும் வீட்டுக்குப் போதும். அவன் பகுதியில் காரத்தன்மை சுமார் 200 என்று வந்தது. பொன்னிற பீருக்கு அது 50-க்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது.

இரண்டாவது, குளோரின். இது கடின நீருக்கும் மென்னீருக்கும் பொது. குழாய் நீரிலுள்ள குளோரின் தானியத்தோடு சேர்ந்தால் மருந்துக்கடை வாடை வரும். லண்டனில் குளோராமின் பயன்படுத்துகிறார்கள். அது திறந்து வைத்தால் போகாது, கொதிக்க வைத்தாலும் லேசில் போகாது. பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் மாத்திரை வில்லை ஒன்றில் பாதியைப் பொடித்து 20 லிட்டரில் கலக்கினால் சில நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பொடியின் நெடி மூக்கில் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, பைகார்பனேட்டைக் குறைப்பது. இதற்கு மூன்று வழி.

கொதிக்க வைப்பது பழைய வழி. கால் மணி, அரை மணி நேரம் கொதித்தால் பைகார்பனேட் உடைந்து சுண்ணாம்பாகக் கீழே படியும். ஆற விட்டு, கலங்காமல் மேல்நீரை மட்டும் இறுத்துக்கொள்ள வேண்டும். இதனால் முழுதும் போகாது, ஆனால் பெரும்பகுதி போய்விடும். காரத்தன்மையோடு கால்சியமும் கொஞ்சம் குறையும். கேத்தலில் தினமும் நடப்பது இதுதான்.

கலப்பது சுலபமான வழி. ஆர்.ஓ. முறையில் வடிகட்டிய தண்ணீரில் அநேகமாக எதுவும் இருக்காது. பாதிக்குப் பாதி கலந்தால் 200 என்பது 100 ஆகிவிடும்.

மூன்றாவது அமிலம், நம் எலுமிச்சம்பழத்தின் வேலை. பீருக்கு எலுமிச்சை வாசனை வேண்டாம் என்பதால் உணவுத் தரமுள்ள லாக்டிக் அமிலம். தயிரைப் புளிக்க வைப்பது இதே அமிலம்தான். 80 விழுக்காட்டுக் கரைசலில் 1 மில்லிலிட்டரை 20 லிட்டர் தண்ணீரில் விட்டால் காரத்தன்மை சுமார் 26 குறையும். 200-ஐ அமிலத்தால் மட்டுமே 50-க்கு இறக்க வேண்டுமானால் ஆறு மில்லிலிட்டர் போக வேண்டும். அவ்வளவு விட்டால் சில பேர் நாக்குக்குப் புளிப்பு தெரியும். அதனால் முதலில் பாதிக்குப் பாதி கலந்து 100-க்குக் கொண்டுவந்து, பிறகு 2 மில்லிலிட்டர் அமிலம் மட்டும் விடச் சொன்னேன். அமிலப் புட்டியில் பெயர் எழுதி ஒட்டி, சமையல் எண்ணெய்ப் பக்கம் வைக்காமல் தனியே பூட்டி வைக்கவும் சொன்னேன்.

நான்காவது, இழந்த கால்சியத்தைத் திருப்பிக் கொடுப்பது. 20 லிட்டருக்கு 1 கிராம் ஜிப்சம் போட்டால் லிட்டருக்குக் கால்சியம் சுமார் 12, சல்பேட் சுமார் 28 மில்லிகிராம் கூடும். கசப்பு சுத்தமாக, வறட்சியாக வேண்டுமானால் ஜிப்சம். வாய் நிறைந்த மென்மை வேண்டுமானால் கால்சியம் குளோரைடு. இரண்டிலும் கை தாராளமாகக் கூடாது. சாம்பாருக்கு உப்பு போடுவதுபோலத்தான். போட்டதை எடுக்க முடியாது.

செய்யக்கூடாதது ஒன்றையும் சொன்னேன். உப்புப் போட்டு இயங்கும் ‘வாட்டர் சாஃப்ட்னர்’ தண்ணீர் பீருக்கு ஆகாது. அது கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தை வைக்கிறது. தொல்லை தரும் பைகார்பனேட் அப்படியே இருக்கும். நல்லதைத் தள்ளிவிட்டுக் கெட்டதைக் காப்பாற்றும் ஏற்பாடு. துணி துவைக்கவும் குளிக்கவும் நல்லது. உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் குடிப்பதற்கு அந்தக் குழாயைத் தவிர்ப்பதே மேல்.

பார்லியை ஊற வைக்காமல் டின்னில் வரும் மால்ட் பாகில் பீர் செய்கிறவர்களுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. ஊறல் வேலையைத் தொழிற்சாலை முடித்துக் கொடுத்துவிட்டது. குளோரினைப் போக்கினால் அநேகமாகப் போதும்.

செய்முறையில் வேறு எதையும் மாற்றாதே, தண்ணீரை மட்டும் மாற்று என்று வற்புறுத்தினேன். ஒரே நேரத்தில் நாலு விஷயத்தை மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. ஆறு வாரம் கழித்து எழுதினான்: “துவர்ப்பு போயிருச்சு சித்தப்பா. அதே சாமான், அதே அளவு. நம்பவே முடியல.”

சமையலறைக்கு

பீரே வேண்டாம் என்பவர்களுக்கும் இதில் பயன் இருக்கிறது. கடின நீர் உள்ள ஊரில் கடலையை வடிகட்டிய தண்ணீரில் ஊறப்போட்டு அதிலேயே வேக வையுங்கள். அது இல்லாவிட்டால் ஒரு சிட்டிகை சமையல் சோடா. அதற்கு மேல் வேண்டாம், சவர்க்காரச் சுவை வரும், பி1 உயிர்ச்சத்தும் அழியும். புளியைப் பருப்பு வெந்த பிறகே ஊற்றுவது நம் பாட்டிகள் கண்ட முறை. புளிப்பும் பருப்பை வேக விடாது. கேத்தல் படிவுக்கு வினிகரோ எலுமிச்சைச் சாறோ விட்டுக் கொதிக்க வைத்துக் கழுவினால் போதும். அண்ணி அடுத்த முறை லண்டன் போகும்போது செய்து பார்க்கப்போகிறாராம்.

இனி, குடியைப் பற்றி

இதே பீரை எங்கள் லிங்கித் தண்ணீரில் வடித்தால் காரத்தன்மையைக் குறைக்கும் வேலையே இருக்காது. கொஞ்சம் ஜிப்சம் போட்டால் முடிந்தது. ஆனால் இங்கே வடிக்கக் கூடாது. 1976-ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி உரிமம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது குற்றம். சிங்கப்பூரில் 2004 முதல் வீட்டு உபயோகத்துக்கு அளவோடு வடிக்க அனுமதி உண்டு. அதைப் பார்த்துவிட்டு ஜொகூரில் முயற்சி செய்துவிடாதீர்கள்.

புளிக்க வைப்பது வேறு, காய்ச்சி வடிப்பது வேறு. பீரோ கள்ளோ புளித்து உண்டாவது. சாராயம் காய்ச்சி எடுப்பது. வீட்டில் காய்ச்சுவது பிரிட்டனிலும் உரிமம் இல்லாமல் குற்றம்தான். 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத புட்டியை எந்த விலைக்குக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

பேரன் பீர் வடிக்கிறான் என்று கேள்விப்பட்டதும் என் அம்மா கேட்டது: “கள்ளுக்கடைய வீட்டுக்குள்ளயே கொண்டாந்துட்டானா?”

அவரைக் குறை சொல்ல மாட்டேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுக்கடை இருந்த காலம் அது. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் ஆர்.எச்.நாதனோடு நின்ற தொழிலாளர்கள் கேட்ட கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை அதற்காகவே எழுந்தது, 1947-இல் ஏ.எம்.சாமி அதன் முன்னணியில் நின்றார். கள்ளுக்குப் பின்னால் சம்சு வந்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகள் அதை எதிர்த்துக் குரல் கொடுத்ததை மூத்த வாசகர்கள் அறிவார்கள். என் அப்பா பால்மரம் வெட்டியவர். சம்பள நாளில் வீடு வந்து சேரும் பணம் எவ்வளவு என்று அம்மாவுக்கு முன்கூட்டித் தெரிந்ததே இல்லை. அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் வராமலே போனது.

“அது வேற, இது வேற” என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆல்கஹால் ஒன்றுதான். கண்ணாடிப் புட்டியும் பி.எச். மீட்டரும் அதை மாற்றிவிடாது. வித்தியாசம், குடிக்கிறவன் கையிலிருக்கும் சம்பளத்திலும், அளவிலும், அவன் நிறுத்த முடிகிறதா என்பதிலும் இருக்கிறது. முதல் இரண்டையும் வெளியிலிருந்து பார்க்கலாம். மூன்றாவதை அவனேதான் பார்க்க வேண்டும்.

அம்மா அடுத்துக் கேட்டதுதான் சரியான கேள்வி. “ஒரு தடவ வடிச்சா எவ்வளவு வரும்? தீர எத்தன நாளாவுது?”

கேட்டு எழுதினேன். 20 லிட்டர், அரை லிட்டர் புட்டியில் நாற்பது. நான்கு நண்பர்களோடு பகிர்ந்தால் இரண்டு மாதத்துக்கு மேல் வருகிறது என்று பதில் போட்டான். அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் விரலால் கணக்குப் பார்த்தார்.

“தண்ணிக்குக் கணக்கு எழுதுறான்ல, அதே நோட்டுல இதையும் எழுதச் சொல்லு. ரெண்டு மாசம் ஒரு மாசமாச்சுன்னா எனக்குத் தெரியணும்” என்றார்.

அவன் எழுதுகிறான். மாதம் ஒரு முறை பாட்டிக்கு அழைத்துச் சொல்லவும் செய்கிறான்.